வீட்டுக் கணினி இரண்டு விதமாக நின்றுபோகிறது: காரணத்தை எங்கிருந்து தேடுவது?

கல்லடி_வாவியோரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மேசைக் கணினி கடந்த இரண்டு மாதங்களாக வாரத்தில் ஒன்றிரண்டு தடவையாவது தானாக நின்றுபோகிறது. சில வேளைகளில் யாரோ வயரைப் பிடுங்கியதுபோலத் திரை கறுத்து, உள்ளே மின்விசிறிச் சத்தமும் அடங்கி, ஓரிரு விநாடிகளில் தானாகவே மறுபடியும் தொடங்குகிறது. வேறு சில வேளைகளில் நீலத்திரை வருகிறது. அதில் எழுதியிருப்பதை வாசித்து முடிப்பதற்குள் அதுவும் மறைந்து, கணினி மீண்டும் தொடங்கிவிடுகிறது.

கணினி இன்டெல் கோர் ஐ5, நான்காம் தலைமுறை. 4 ஜி.பி. ரேம் (நினைவகத் தகடு) இரண்டு, 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று, விண்டோஸ் 10. கணினியும் திரையும் 650 வி.ஏ. யூ.பி.எஸ். (மின்சாரம் போனால் பற்றரியிலிருந்து கொடுக்கும் பெட்டி) ஒன்றில் இணைக்கப்பட்டுள்ளன. நகரத்திலுள்ள ஒரு கடையில் கொடுத்தபோது விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். கடையில் இரண்டு நாள் ஓடியும் ஒரு குறையும் தெரியவில்லை என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த நான்காம் நாள் மாலை பழையபடி நின்றது.

நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. என் தகப்பனார் அண்ணாவியாராக, அதாவது கூத்துப் பழக்குபவராக இருந்தவர். அவர் கைப்பட எழுதிவைத்த வடமோடிக் கூத்துக் கொப்பிகள் நான்கைத் தட்டச்சுச் செய்து வருகிறேன். மழை நனைத்த பக்கங்களில் மை ஊறிப் படர்ந்திருப்பதால், ஒரு வரவுத் தருவை (பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடும் பாட்டை) எழுத்துக் கூட்டி வாசிப்பதற்கே சில நாட்களில் ஒரு மணித்தியாலம் ஆகிறது. அப்படி வாசித்து அடித்த பக்கம் கண்முன்னே போய்விடும்போது மனம் தாங்குவதில்லை. புதுக் கணினி வாங்குவதுதான் வழியா, அல்லது இதைத் திருத்த முடியுமா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

நிந்தவூர்_87

விண்டோஸின் கோப்புகள் பழுதடைந்திருந்தாலும் நீலத்திரை வரும். அவற்றைச் சோதித்துத் திருத்தும் எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ் என்ற கட்டளையை நிர்வாகி உரிமையுடன் ஓடவிட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்; பதினொன்றுக்கு மாறினால் சரிவரக்கூடும்.

கல்முனை_திருத்துநர்

வணக்கம் ரீச்சர். பதினைந்து வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். உங்கள் பதிவில் என் கண்ணில் முதலில் பட்டது, கணினி இரண்டு விதமாக நிற்கிறது என்று நீங்கள் பிரித்துச் சொல்லியிருப்பதுதான். பெரும்பாலானோர் ‘கணினி ஓஃப் ஆகிறது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அதைக் கேட்டுவிட்டு ஒரே மருந்தைக் கொடுப்பதால் நோய் தீராமல் போகிறது. ஆகவே இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம், மறுபடியும் விண்டோஸ் போடவும் வேண்டாம். நான்காம் தலைமுறைச் செயலியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அதோடு, ஆதரவு முடிந்த காரணத்தினால் எந்தக் கணினியும் வயரைப் பிடுங்கியதுபோல நிற்பதில்லை.

முதலில், கணினியில் நடந்தவற்றை விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லொக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அங்கே கேர்னல்-பவர் 41 என்ற பதிவுகள் சிவப்பு அடையாளத்துடன் இருக்கும். அந்தப் பதிவைக் கண்டதும் ‘பவர் சப்ளை பழுது’ என்று முடிவுகட்டுவது பரவலாக நடக்கும் தவறு. கணினி முறைப்படி மூடப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் 41 எதையும் சொல்வதில்லை. அதைத் திறந்து, விவரம் என்ற பகுதியில் பக்செக் கோட் என்ற எண்ணைப் பாருங்கள். அது 0 ஆகவும், பவர் பட்டனை நீங்கள் அழுத்திப் பிடிக்காமலும் இருந்தால், விண்டோஸுக்கு ஒன்றையும் எழுதிவைக்க அவகாசமே கிடைக்கவில்லை என்று பொருள். மின்சாரம் அற்றுப்போனது அல்லது கணினி அடியோடு உறைந்தது என்று கொள்ளலாம். அது 0 அல்லாத எண்ணாக இருந்தால் நீலத்திரை வந்து நின்றது என்று பொருள். அந்த எண் அங்கே தசம முறையில் இருக்கும். நீலத்திரைக் குறியீடுகளோ பதினாறை அடியாகக் கொண்ட பதினறும முறையில் எழுதப்படுபவை. ஆகவே அங்கே 26 என்று கண்டால், தேட வேண்டியது 1ஏ என்ற குறியீட்டை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 41 பதிவாகும் நேரம் கணினி மறுபடி தொடங்கிய நேரமே அன்றி, நின்ற நேரம் அன்று. நின்ற நேரம் 6008 என்ற இலக்கப் பதிவின் வாசகத்துக்குள் இருக்கும். அந்த நேரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, அந்தந்த வேளையில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் நினைவில் உள்ளவரை பக்கத்தில் குறித்து அனுப்புங்கள். நீலத்திரை உடனே மறையாமலிருக்க, ஸ்டார்ட்டப் அன்ட் ரிகவரி அமைப்பில் தானாக மறுதொடக்கம் செய்யும் தெரிவை நீக்கிவிடுங்கள்.

அக்கரைப்பற்று_மாணவன்

வெப்பத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டில் மே மாதத்தில் கணினி இப்படித்தான் நின்றது; செயலியின் மேலிருந்த மின்விசிறியைத் தூசி அடைத்திருந்தது.

கல்முனை_திருத்துநர்

நல்ல கேள்வி தம்பி. எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற மென்பொருளை ஓடவிட்டு, வேலை நடக்கும்போது செயலியின் வெப்பநிலை எவ்வளவு என்று ரீச்சர் பார்த்துச் சொல்லட்டும். இந்தச் செயலிகள் 100 பாகையை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் தாண்டினால்தான் நிற்கும். 70க்குக் கீழே இருந்தால் வெப்பத்தைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

கல்லடி_வாவியோரம்

கல்முனைத் தம்பி சொன்னபடியே செய்தேன். வெப்பநிலை 62 பாகைக்கு மேல் போகவில்லை.

கடையில் விண்டோஸ் போட்ட நாளிலிருந்துதான் பதிவுகள் இருக்கின்றன. ஏழு வாரங்களில் பதினொரு தடவை நின்றிருக்கிறது. அவற்றில் ஏழில் எண் 0, நான்கில் எண் 26. தாளில் எழுதி முடித்தபோது நானே வியந்துபோனேன். 0 என்று வந்த ஏழில் ஆறு, மாலை 6.40க்கும் இரவு 9.15க்கும் இடைப்பட்டவை. எஞ்சிய ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல். அன்றைக்கு அயலில் கலியாண வீடு, பந்தலில் பெரிய விளக்குகளும் ஒலிபெருக்கியும் போட்டிருந்தார்கள். 26 என்று வந்த நான்கும் காலையில் முதன்முதலாகக் கணினியைப் போட்டு அரை மணித்தியாலத்துக்குள் நடந்திருக்கின்றன.

ஒரு விடயம் சொல்ல விட்டுப்போனது. மாலையில் யூ.பி.எஸ். அடிக்கடி ‘டக்’ என்று சத்தம் போடும். கணினி நிற்பதற்கு முன்னும் அந்தச் சத்தம் கேட்டதாக நினைவு.

ஏறாவூர்_வயரிங்

ரீச்சர், நான் வீடுகளுக்கு மின் இணைப்பு வேலை செய்பவன். கணினியின் உள்விடயம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதிய நேரங்களைப் பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மின்சார சபையே உச்ச நேரம் என்று வகுத்துவைத்திருக்கும் நேரம். விளக்கு, தொலைக்காட்சி, அரிசி வேகும் குக்கர், கிணற்று மோட்டர் எல்லாம் ஒரே மின்மாற்றியிலிருந்து இழுக்கும்போது, வரிசையின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு வோல்ட்டேஜ் இறங்கும். நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். ஆறு வீதம் கூடலாம், ஆறு வீதம் குறையலாம். அதற்குக் கீழே இறங்கும் வீடுகளில் நானே மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

‘டக்’ என்ற சத்தம் யூ.பி.எஸ்ஸுக்குள் இருக்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் மாறும் சத்தம். வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தால் அது தானே உயர்த்திக் கொடுக்கும். மிகவும் குறைந்தால் வீட்டு மின்சாரத்தை விட்டுவிட்டுப் பற்றரிக்கு மாறும். இந்த மாற்றத்துக்கு ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு அளவு நேரம்தான் எடுக்கும், அவ்வளவு நேரத்தைக் கணினியின் பவர் சப்ளை தாங்கிக்கொள்ளும். ஆனால் மாறிய பிறகு அங்கே உயிருள்ள பற்றரி இருக்க வேண்டும். பற்றரி செத்திருந்தால் யூ.பி.எஸ். மாறும், கொடுப்பதற்கு அதனிடம் ஒன்றும் இராது, கணினி நிற்கும்; அடுத்த விநாடி வோல்ட்டேஜ் ஏறியதும் பழையபடி மின்சாரம் வரும். வீட்டு விளக்கு ஒரு தடவை மங்கி எரிந்ததோடு விடயம் முடிந்திருக்கும். அந்த யூ.பி.எஸ். இல்லாதிருந்தால் உங்கள் கணினி அநேகமாக நின்றே இருக்காது.

பற்றரி எப்போது வாங்கியது? 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, இந்தச் சிறிய பற்றரிகளை எல்லோரும் அடிமட்டம் வரை வெறுமையாக்கி வெறுமையாக்கிப் பாவித்தோம். அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நம் ஊர் வெக்கையும் சேர்ந்தால், ஐந்து வருடம் உழைக்க வேண்டியது இரண்டு மூன்று வருடத்திலேயே போய்விடும்.

சோதிக்கும் முறை இது. கணினியை முறைப்படி மூடி, யூ.பி.எஸ்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். அதன் இடத்தில் 60 வாட் பழைய குண்டு பல்ப் உள்ள மேசை விளக்கொன்றை மட்டும் செருகி எரியவிடுங்கள். பின்னர் யூ.பி.எஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். நல்ல பற்றரியாக இருந்தால் கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் எரியும். எல்.ஈ.டி. பல்ப் வேண்டாம், அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் செத்த பற்றரியும் நல்லதுபோலக் காட்டும். சுவர்ப் பிளக்குக்குள் மீட்டர் குச்சியை விட்டு வோல்ட்டேஜ் பார்க்கும் வேலையைத் தயவுசெய்து நீங்கள் செய்ய வேண்டாம். அதற்குப் பழகிய ஒருவரைக் கூப்பிடுங்கள்.

கல்முனை_திருத்துநர்

ஏறாவூர் அண்ணன் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க வேண்டியது ஒன்றுதான். கடையில் இரண்டு நாள் ஓடியும் நிற்கவில்லை என்பதற்கும் இதுவே விளக்கம். கணினியைக் கடைக்குக் கொண்டுபோகும் எவரும் யூ.பி.எஸ்ஸைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. கடைக்காரர் பார்த்தது பகல் நேரத்து மின்சாரத்தில், வேறு யூ.பி.எஸ்ஸில் ஓடிய கணினியை.

கல்லடி_வாவியோரம்

விளக்கை வைத்துப் பார்த்தேன். நான்கு விநாடி எரிந்தது, பிறகு யூ.பி.எஸ். நீளமாக ஒரு ஒலி எழுப்பிவிட்டு அடங்கிப்போனது. தெரிந்த பையன் ஒருவர் வந்து அடிமூடியைத் திறந்தபோது, பற்றரி பக்கவாட்டில் புடைத்து, பெட்டிக்குள் இறுகிக் கிடந்தது. இழுத்து எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் 2021 என்று பேனையால் எழுதியிருந்தது என்னுடைய கையெழுத்துத்தான். 12 வோல்ட், 7 அம்பியர்-மணி அளவில் புதிது வாங்கிப் போட்டோம். அதே விளக்கை இருபது நிமிடம் எரியவிட்டு, போதும் என்று நானே நிறுத்தினேன்.

பத்து நாட்களாகின்றன. மாலையில் ‘டக்’ சத்தம் கேட்கிறது, கணினி அசையவில்லை. ஆனால் நேற்றுக் காலை மறுபடியும் நீலத்திரை வந்தது. இம்முறை அது மறையாமல் நின்றதால் வாசிக்க முடிந்தது: மெமரி மனேஜ்மென்ட் என்று எழுதியிருந்தது. எல்லாம் தீர்ந்தது என்று எண்ணியிருந்தபடியால் சற்றுச் சோர்ந்துபோனேன்.

கல்முனை_திருத்துநர்

சோர வேண்டாம் ரீச்சர். இரண்டு நோய் ஒரே உடம்பில் இருந்தது, ஒன்று தீர்ந்துவிட்டது. இனி மற்றது தனியாகத் தெரியும். 26 என்பதும் மெமரி மனேஜ்மென்ட் என்பதும் ஒன்றே. பெரும்பாலும் ரேமிலோ அது செருகியிருக்கும் இடத்திலோ குறை இருக்கும். அரிதாக வட்டு அல்லது டிரைவர் மென்பொருள் காரணமாகலாம். ரேமைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதைத் திட்டமாகச் சோதித்துவிட முடியும்.

அதற்கு முன் ஒரு முக்கியமான எச்சரிக்கை. ரேமில் குறை இருக்கும் கணினியில் கோப்புகளைப் பிரதி எடுக்கும்போது, பிரதியில் ஓர் எழுத்து மாறிப்போனாலும் கணினி உங்களுக்கு அறிவிக்காது. ஆகவே கூத்துக் கோப்புகள் எல்லாவற்றையும் வேறொரு நல்ல கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். வேர்ட்டின் டொக்எக்ஸ் கோப்பு உள்ளே சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. அதற்குள் சரிபார்ப்பு எண்கள் இருப்பதால், எழுதி முடித்த கோப்பு பின்னர் பழுதுபட்டிருந்தால் பெரும்பாலும் திறக்கும்போதே முறையிடும். முறையிடாமல் திறப்பவற்றைப் பென் டிரைவ் இரண்டில் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். சோதனை முடியும்வரை இந்தக் கணினியில் தட்டச்சு வேண்டாம். நிந்தவூர்த் தம்பி சொன்ன எஸ்.எஃப்.சி. கட்டளையும் இப்போது வேண்டாம். அது நல்ல யோசனைதான், ஆனால் ரேம் சரியான பிறகு செய்ய வேண்டியது. கடையில் விண்டோஸ் போட்டபோதும் இதே ரேம்தான் இருந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இனிச் சோதனை. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு ரேமும் இருக்கும்போது ஒரு சுற்று ஓடட்டும். ஒரு சிவப்பு வரி வந்தாலும் அது குறைதான். ‘ஒன்றுதானே’ என்று விடக்கூடாது. பிறகு கணினியை மூடி, பின்பக்கச் சுவிட்சை அணைத்து, வயரைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து உள்ளே மிஞ்சிய மின்சாரத்தை இறக்குங்கள். கேஸிங்கின் பூச்சில்லாத இரும்பைத் தொட்டுவிட்டு, ஒரு ரேமைக் கழற்றி மற்றையதை மட்டும் வைத்து ஓடவிடுங்கள். பிறகு மாற்றி ஓடவிடுங்கள். ரேமுக்கு அடையாளமாக ‘அ’, ‘ஆ’ என்று சிறு தாள் ஒட்டி, எந்த ஸ்லொட்டில் (ரேம் செருகும் பள்ளத்தில்) எது இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு விடயங்களை மாற்றினால், முடிவு கிடைத்தாலும் காரணம் கிடைக்காது.

ரேமின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துவிட்டும் போடலாம்.

வாழைச்சேனை_ஐசிரி

அழிறப்பர் விடயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அந்தப் பற்களின் மேலுள்ள பொன் முலாம் மிகவும் மெல்லியது. அழிறப்பரில் உள்ள மணல்போன்ற துகள் அதைத் தேய்த்துவிடும். முலாம் தேய்ந்தால் அடியிலுள்ள உலோகம் நம் கடற்காற்றில் விரைவாகக் களிம்பு பிடிக்கும். மருந்துக் கடையில் ஐசோபுரொப்பைல் அற்ககோல் வாங்கி, பஞ்சு உதிராத துணியில் நனைத்துத் துடைப்பதே நல்லது. என் பாடசாலை ஆய்வுகூடத்தில் இருபது கணினிகளை அப்படித்தான் பராமரிக்கிறேன்.

கல்முனை_திருத்துநர்

ஏற்றுக்கொள்கிறேன். கடையில் அவசரத்துக்குச் செய்து பழகிய கை. திரும்பத் திரும்பச் செய்தால் கெடுதி என்பது உண்மைதான். ரீச்சர், அற்ககோலையே பாவியுங்கள், முழுக்கக் காய்ந்த பிறகு செருகுங்கள்.

கல்லடி_வாவியோரம்

மூன்று இரவுகள் இந்தச் சோதனையிலேயே கழிந்தன. முடிவை அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு ரேமும் இருந்தபோது, முதல் சுற்று முடிவதற்குள் சிவப்பு வரிகள் வந்தன. ‘அ’வை மட்டும் முதல் ஸ்லொட்டில் வைத்தபோது ஒரு பிழையும் இல்லை. ‘ஆ’வை மட்டும் அதே முதல் ஸ்லொட்டில் வைத்தபோதும் பிழை இல்லை. இரண்டும் நல்லவை என்றால் பிழை எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான், நல்லது என்று நிரூபிக்கப்பட்ட ‘அ’வை இரண்டாம் ஸ்லொட்டில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. வைத்தேன், பிழைகள் வந்தன.

காலை வெளிச்சத்தில் கைவிளக்கையும் பிடித்துக்கொண்டு, என் வாசிப்புக் கண்ணாடிக்கு மேலே உருப்பெருக்கிக் கண்ணாடியையும் வைத்து, அந்த ஸ்லொட்டுக்குள் பார்த்தேன். நீளமான அந்தப் பள்ளத்தின் ஒரு முனையில் செத்த சிற்றெறும்புகள் ஏழெட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவற்றைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் பொடி. அந்த இடத்துக்கு நேரான மூன்று நான்கு பற்கள் மட்டும் மற்றவற்றைப்போல மின்னாமல், பழைய பித்தளைக் குத்துவிளக்கின் அடிபோல மங்கியிருந்தன. கணினிப் பெட்டி வாவியைப் பார்த்த யன்னலுக்குக் கீழே நிலத்தில் இருக்கிறது. இரவெல்லாம் அந்த யன்னல் திறந்தே இருக்கும்.

கல்முனை_திருத்துநர்

ரீச்சர், நான் சொல்லாத நான்காவது சோதனையை நீங்களே செய்திருக்கிறீர்கள். விடை அதில்தான் இருந்தது. காலையில் மட்டும் ஏன் நின்றது என்பதற்கும் விளக்கம் கிடைக்கிறது. உப்புப் படிந்த இடம் இரவு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், கணினி ஓடிச் சூடேறியதும் உலர்ந்துவிடும். மென்மையான வர்ணத் தூரிகை ஒன்றால் அந்தப் பள்ளத்தை அற்ககோல் தொட்டுத் துலக்கி, ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். ஊசி, குண்டூசி எதுவும் உள்ளே போகக் கூடாது. உள்ளிருக்கும் பல் ஒன்று வளைந்தால் அதற்குப் பிறகு வழியில்லை. துலக்கியும் பிழை வந்தால், அந்த ஸ்லொட்டைக் கைவிட்டு, முதல் ஸ்லொட்டில் 8 ஜி.பி. ரேம் ஒன்றைப் போட்டால் போதும்.

நிந்தவூர்_87

இந்த இழையை வாசித்துவிட்டு எங்கள் வீட்டு யூ.பி.எஸ்ஸையும் விளக்கு வைத்துச் சோதித்தேன். ஒன்றரை நிமிடம்தான் எரிந்தது. பழைய பற்றரியை எங்கே கொடுப்பது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏறாவூர்_வயரிங்

புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்துப் பாருங்கள், ஈயத்துக்காகப் பழையதை எடுத்துக்கொண்டு சிறு தொகை கழித்துக் கொடுப்பவர்கள் உண்டு. வாவியிலோ வளவுக்குள்ளோ எறிந்துவிட வேண்டாம். உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கின்றன, நம் கிணறுகள் ஆழம் குறைந்தவை.

கல்லடி_வாவியோரம்

இருபத்து மூன்று நாட்கள் கழித்து எழுதுகிறேன். துலக்கிக் காயவிட்ட பிறகு இரண்டு ரேமையும் போட்டு இரவு முழுவதும் ஓடவிட்டேன். விடியும்போது நான்கு சுற்று முடிந்திருந்தது, பிழை இல்லை. அதன் பிறகே எஸ்.எஃப்.சி. கட்டளையை ஓட்டினேன், பழுதான கோப்புகள் சிலவற்றைக் கண்டு திருத்தியதாகச் சொன்னது. நிந்தவூர்த் தம்பிக்கும் நன்றி. கேர்னல்-பவர் 41 என்ற பதிவு இந்த இருபத்து மூன்று நாளில் ஒன்றுகூட இல்லை.

கூத்துக் கோப்புகள் முப்பத்தொன்றில் இரண்டு திறக்க மறுத்தன. அவற்றுக்குரிய பக்கங்களைக் கொப்பியிலிருந்து மறுபடியும் அடித்துவிட்டேன். கணினிப் பெட்டி இப்போது யன்னலுக்கு எதிர்ச் சுவரோடு, ஒரு சிறு பலகையின் மேல் இருக்கிறது. பலகைக்கால் நான்கையும் தண்ணீர்ச் சிரட்டைகளில் வைக்கலாமா என்று மகன் கேட்டார். கணினிக்கு அருகே தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எறும்பு வராதிருக்க வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள். மூன்றாம் கொப்பியில் இன்று வீமனுடைய வரவுத் தரு முடிந்தது.

வாழைச்சேனை_ஐசிரி

ரீச்சர், கேஸிங்கின் பின்பக்கத்தில் கார்டு செருகாத இடங்களின் தகடுகள் கழன்றிருந்தால் முதலில் அவற்றை மூடுங்கள். எறும்பும் பல்லியும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன. காற்றுப் போகும் துவாரங்களுக்கு மட்டும் மெல்லிய நைலோன் வலை ஒட்டி, மாதம் ஒரு தடவை தூசி தட்டுங்கள். கணினி மேசையில் தேநீர்க் கோப்பை வைக்கும் பழக்கம் இருந்தால், சீனி சிந்திய இடத்தை அன்றன்றே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.